பழைய டிரக்கின் பெட்ரோல் பாதை: பிரித்துப் பூட்டுவதா, புதிதாக வாங்குவதா?

பல வருடம் ஓடாமல் நின்ற பெட்ரோல் டிரக்கை மறுபடி கிளப்ப நினைப்பவர்கள் முதலில் கை வைப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டரில்தான். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் படுகிறது, கைக்கும் எட்டுகிறது. ஆனால் கோளாறு பெரும்பாலும் வண்டியின் மறுகோடியில், டேங்கில் தொடங்குகிறது. டேங்கில் துருவை வைத்துக்கொண்டு கார்புரேட்டரை எத்தனை முறை துடைத்தாலும் சில நாளில் அதே அடைப்புதான். அதனால் டேங்க், குழாய், பம்ப், கார்புரேட்டர் என்று பெட்ரோல் போகும் வழியிலேயே இந்த அலசலும் போகட்டும்.

என் அப்பா ஓட்டிய வண்டியை நானும் என் மகனும் சேர்ந்து சரிசெய்தபோது ஒன்று தெளிவானது. தனியாக வேலை செய்பவர் போடும் கணக்கு வேறு, பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு செய்பவர் போட வேண்டிய கணக்கு வேறு. செலவு, நம்பகம் இரண்டோடு மூன்றாவதாக ஒரு கேள்வி வருகிறது: இந்த வேலையில் பிள்ளையின் கைக்கு என்ன இருக்கிறது? டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும்தான் என்றால் பையன் சீக்கிரமே ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அவனைக் குறை சொல்லவும் முடியாது.

ஒன்றில் மட்டும் தேர்வுக்கு இடமில்லை. பழைய பெட்ரோலை வடிப்பது பெரியவர் வேலை. அது முடியும்வரை பிள்ளை அந்தப் பக்கம் வரவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய், அடுத்த அறையில் எரியும் சிறு சுடரைக்கூடத் தேடிப் பிடித்துவிடும். மைனஸ் 40 டிகிரி குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும் திரவம் அது. நிரம்பிய டேங்கைவிடக் காலி டேங்குதான் ஆபத்து, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவியும் காற்றும் கலந்த வெடிமருந்து. மிகப் பழைய பெட்ரோலில் ஈயமும் கலந்திருக்கலாம். ஈயம் கலந்த பெட்ரோலை உலகின் கடைசி நாடு விற்பனையிலிருந்து நிறுத்தியதே 2021இல்தான். கையுறை இல்லாமல் தொட வேண்டாம்.

டேங்க்

மூன்று வழிகள்: உள்ளே சுத்தம் செய்வது, சுத்தம் செய்து உட்பூச்சு பூசுவது, புது டேங்க் வாங்குவது.

மேலாகப் படிந்த துருவுக்கு சிட்ரிக் அமிலக் கரைசல் போதும். ஊறவைத்து, கொஞ்சம் சங்கிலியையோ கூழாங்கல்லையோ போட்டுக் குலுக்கி, கழுவி, உடனே உலர்த்த வேண்டும். அந்த 'உடனே'யில்தான் எல்லாம் இருக்கிறது. ஈரத்தோடு விட்டால் சுத்தமான இரும்பு கண்முன்னே மறுபடி ஆரஞ்சு நிறமாகும். குலுக்குவதும் கழுவுவதும் பிள்ளைக்குப் பிடித்த வேலை. சத்தம் வருகிறது, கருப்புத் தண்ணீர் கொட்டுகிறது, பலன் கண்ணுக்குத் தெரிகிறது. மின்பகுப்பு முறையில் துரு இன்னும் நன்றாகப் போகும் என்பது உண்மை. ஆனால் அதில் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எவர்சில்வர் கரண்டியை மின்முனையாக வைத்தால் நச்சுக் குரோமியம் தண்ணீரில் இறங்கும். பிள்ளை பக்கத்தில் நிற்கும் வேலைக்கு அது வேண்டாம்.

உட்பூச்சைத்தான் நான் மூன்றிலும் கடைசியில் வைப்பேன். கடையில் கேட்டால் அதைத்தான் முதலில் பரிந்துரைப்பார்கள். அடித்தளம் முழுக்கச் சுத்தமாகவும் உலர்ந்தும் இருந்தால் அது நன்றாக நிற்கும். டேங்கின் தடுப்புத் தகடுகளுக்குப் பின்னால் அப்படி இருக்கிறதா என்று பார்க்கத்தான் வழியில்லை. ஒட்டாத இடத்தில் பூச்சு தோலாக உரிந்து, பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். வண்டி நன்றாக ஓடும், திடீரென்று நிற்கும், சற்று நேரம் கழித்துத் தானாகவே மறுபடி ஓடும். உறிஞ்சல் நின்றதும் தோல் விலகிவிடுவதால் வருகிற கண்ணாமூச்சி இது. தெரியாதவர்கள் பற்றவைப்புச் சுருளையும் பிளக்கையும் மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

டேங்கின் அடி மடிப்பில் திருப்புளி முனையால் அழுத்திப் பாருங்கள். நெளிந்தாலோ ஓட்டை விழுந்தாலோ பேச்சை விடுங்கள், புது டேங்க்தான். வெல்டிங் வைத்து அடைக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த வேலைக்கென்றே இருப்பவரிடம் கொடுக்கலாமே தவிர வீட்டில் கூடாது. தகடு உறுதியாக இருந்தால் சுத்தம் செய்து, பூச்சில்லாமலே மாட்டி, குழாயில் ஒரு நல்ல ஃபில்டரைப் போட்டால் போதும்.

குழாயும் ஹோஸும்

இரும்புக் குழாய் வலுவானது, மலிவானது. வளைப்பது கஷ்டம், துருப்பிடிக்கும். சுத்தச் செம்பு கையாலேயே வளையும். அதிர்வில் இறுகி நாளடைவில் விரிசல் விடும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிப்பதில்லை, சின்னக் கையின் பலத்துக்கும் வளைகிறது, செலவு கொஞ்சம் கூடுதல். பிள்ளையோடு செய்பவருக்கு இதில் யோசிக்கவே வேண்டாம். பழைய குழாயைத் தரையில் கிடத்தி, அதன் வளைவுகளைக் கம்பியில் நகலெடுத்து, அந்தக் கம்பியைப் பார்த்துப் புதுக்குழாயை வளைப்பதை முழுக்கப் பிள்ளையிடமே விட்டுவிடலாம். கோணல் வந்தாலும் பெட்ரோல் போகும்.

ரப்பர் ஹோஸில் மட்டும் பழையதைத் தொடவே வேண்டாம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பரை உள்ளிருந்து கரைத்து, கருப்புத் துகளாக உதிர்த்துவிடும். வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும். புது ஹோஸின் மேல் எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 என்ற தரக்குறியீடு அச்சிட்டிருந்தால் கார்புரேட்டர் வண்டிக்குப் போதும். ஆர்9 என்றிருந்தால், கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்ஷன் முறையின் அழுத்தத்தையும் தாங்கும். அந்த எழுத்தைத் தேடிப் படிக்கும் பொறுப்பைப் பிள்ளையிடம் கொடுங்கள். கடைக்காரர் சொன்னதை நம்பாமல் பொருளின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் வரும்.

பம்ப்

பழைய இயந்திரப் பம்பை என்ஜினின் கேம்ஷாஃப்ட் என்னும் சுழலும் தண்டு ஒரு நெம்புகோலால் ஆட்டுகிறது. உள்ளே இருக்கும் டயாஃப்ரம் என்னும் வளையும் சவ்வு பெட்ரோலை உறிஞ்சித் தள்ளுகிறது. தள்ளும் அழுத்தத்தை ஒரு ஸ்பிரிங் தீர்மானிக்கிறது. கார்புரேட்டருக்கு வேண்டியது ஏறக்குறைய 4 முதல் 7 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு); அதற்கு இது தாராளம். என்ஜின் நின்றால் பம்பும் நின்றுவிடும் என்பது இதன் பெரிய நற்குணம். குறையும் உண்டு. வண்டி நாள்கணக்கில் நின்றுவிட்டால், கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் கிண்ணம் நிறையும்வரை ஸ்டார்ட்டரை நெடுநேரம் சுழற்ற வேண்டும். டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் என்ஜின் ஆயிலில் கலக்கலாம். ஆயில் அளவுக்கம்பியை முகர்ந்தாலே தெரிந்துவிடும்.

மின்பம்ப் சாவியைத் திருப்பியதும் கிண்ணத்தை நிரப்பிவிடும். வெயிலில் சூடேறிக் குழாயில் ஆவி அடைத்துக்கொள்ளும் தொல்லையும் குறைவு. ஆனால் அது இழுப்பதைவிடத் தள்ளுவதில்தான் கெட்டிக்காரன். டேங்குக்கு அருகில், தாழ்வாகப் பொருத்த வேண்டும். ரிலே, ஃபியூஸ், அழுத்தம் கூடினால் குறைக்கும் சீராக்கி எல்லாம் கூடவே தேவைப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, விபத்தில் என்ஜின் நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டிருந்தால் உடைந்த குழாய் வழியே பெட்ரோலைக் கொட்டும். மோதலில் தானாக அணையும் சுவிட்ச் இல்லாமல் மின்பம்பைப் பொருத்துவது பொறுப்பில்லாத வேலை.

நான் இயந்திரப் பம்பின் பக்கம். அதைக் கையில் பிடித்து, உறிஞ்சும் வாயைக் கட்டைவிரலால் மூடி, நெம்பை அழுத்தினால் விரலை அது இழுப்பது தெரிகிறது. "அம்மா, இது கடிக்குது!" என்றான் மகன். டயாஃப்ரம் என்ன செய்கிறது என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கார்புரேட்டர்

இங்கே வழிகள் நான்கு: இருப்பதைப் பிரித்துப் பூட்டுவது, வேறொருவர் பிரித்துப் பூட்டியதை வாங்குவது, புதிய நகல், கார்புரேட்டரையே தூக்கிவிட்டு இன்ஜெக்ஷன்.

நகல்களைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. தரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. உங்கள் என்ஜினுக்கான ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகு) அளவு அதில் இருக்கும் என்ற உறுதியும் இல்லை. வேறொருவர் பூட்டியதை வாங்கினால், அவர் எங்கே கை வைத்தார், எங்கே விட்டார் என்பது தெரியாது.

இன்ஜெக்ஷனை அப்படி ஒதுக்க முடியாது. குளிரிலும் மலையேற்றத்திலும் கலவையைத் தானே திருத்திக்கொள்ளும். தினமும் ஓட்டப்போகும் வண்டிக்கு அது சரியான விடையாகவே இருக்கலாம். ஆனால் கார்புரேட்டர் இடத்தில் பொருத்தும் புதுக் கிட்கள் பலவும் கேட்பது 40 முதல் 60 பி.எஸ்.ஐ. வரை. அப்படியென்றால் புதுப் பம்ப், ஆர்9 ஹோஸ், பெரும்பாலும் டேங்குக்குத் திரும்பும் தனிக் குழாய், புகைக்குழாயில் ஆக்சிஜன் உணரி என்று மேலே பேசிய அனைத்தையும் மறுபடி செய்ய வேண்டும். உங்கள் பிள்ளைக்கு ஸ்பேனரைவிட வயரிங்கிலும் லேப்டாப்பிலும்தான் ஆசை என்றால் என் தீர்ப்பைத் தாராளமாகத் தள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு, சொந்தக் கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு ஈடில்லை. பிரிக்கும் முன் ஒரே ஒரு சோதனை: ஆக்சிலரேட்டரோடு திரும்பும் திராட்டில் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். தெளிவாக ஆடினால் அந்த இடைவெளியில் காற்று புகும். எத்தனை பழுதுபார்ப்பு கிட் (உதிரித் தொகுப்பு) மாற்றினாலும் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை அழுத்தாதபோது என்ஜின் ஓடும் ஓட்டம், நிலையாக இருக்காது. கடைசல் பட்டறைக்குப் போக வேண்டியதுதான். ஆடவில்லையென்றால் மேசையில் துணியை விரியுங்கள்.

ஒவ்வொரு அடுக்கையும் கழற்றும் முன் ஒரு படம். திருகுகள் முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக. ஐடில் கலவைத் திருகை எடுக்கும் முன், மெல்ல உள்ளே முட்டும்வரை எத்தனை சுற்று போகிறது என்று எண்ணி எழுதிக்கொள்ள வேண்டும். ஜெட்டைக் கம்பியால் குத்தக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் அகன்றாலே கலவை கெட்டது. சுத்தம் செய்யும் ஸ்பிரே அடிக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்: ஒரு துளையில் அடிப்பது எதிர்பாராத இன்னொரு துளை வழியே நேராக முகத்துக்கு வரும். எந்தத் துளை எதோடு சேர்கிறது என்பதை அறியவும் அதுதான் வழி.

கிண்ணத்தில் பெட்ரோல் மட்டத்தோடு ஏறி இறங்கும் பித்தளை மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்கினோம், சத்தம் இல்லை. ஆனாலும் சூடான தண்ணீரில் அமிழ்த்திப் பிடித்தான் மகன். இரு பாதிகளையும் ஒட்டிய கோட்டில் ஊசிமுனை அளவுக்குக் குமிழ், அதன் பின்னால் இன்னொன்று. ஓட்டை மிதவை மெல்லப் பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்கும்; பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி வால்வு மூடாது; கிண்ணம் வழியும். பழுதுபார்ப்பு கிட்டில் பெரும்பாலும் மிதவை இருக்காது, அதைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். வேறொருவர் பூட்டியதை வாங்கியிருந்தால் அந்தக் குமிழைப் பார்த்திருக்க மாட்டோம்.

முதல் ஓட்டம்

டேங்கை நிரப்பி ஓட்டுவதா, கார்புரேட்டர் கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பதா? இரண்டாவதுதான் சரி. கிண்ணத்துப் பெட்ரோலில் ஓடி, அது தீர்ந்ததும் நின்றால் கார்புரேட்டர் நலம், குறை பின்னால் இருக்கிறது. பிறகு டேங்கில் சில லிட்டர் மட்டும் ஊற்றி, ஒவ்வொரு இணைப்புக்கும் அடியில் உலர்ந்த காகிதத்தை விரித்து, ஈரம் படுகிறதா என்று பாருங்கள். பெட்ரோல் தீக்குத் தண்ணீர் ஆகாது. உலர்தூள் தீயணைப்பான் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளிச்சமான திறந்த வெளியில், சாவி பிள்ளையிடம், தீயணைப்பான் பெரியவரிடம்.