‘வாழ்நாள் வாரண்டி’ கார்பன் வீல்: மூன்று மாதச் சம்பளம் போய்விட்டது

“உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது” என்று நேற்று இரவு பதில் வந்தது. அவர்களுக்கு முடிந்துவிட்டது. எனக்குப் போனது மூன்று மாதச் சம்பளம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் நானும் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன். அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

பெயர் எழுதப்போவதில்லை. பல விற்பனையாளர்களுக்கு இடம் கொடுக்கும் ஒரு பெரிய ஆன்லைன் சந்தை, அதற்குள் கார்பன் சைக்கிள் வீல் மட்டுமே விற்கும் ஒரு கடை, அவ்வளவு போதும். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் வாங்கியது 50 மி.மீ. ஆழமுள்ள ரிம் (டயர் உட்காரும் வெளி வளையம்), டிஸ்க் பிரேக், டியூப்லெஸ் டயர் போடக்கூடியது. முன்னும் பின்னும் சேர்த்து 1,390 கிராம் என்று பக்கத்தில் போட்டிருந்தார்கள். டி800 என்ற ரகக் கார்பன் நார், கையால் கோத்த ஸ்போக், வாழ்நாள் வாரண்டி என்று வரிசையாக எல்லாம் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலை நம்பி நான் பணம் கட்டவில்லை. சாட்டில் பேசிய ஆளை நம்பிக் கட்டினேன்.

அந்த ஆளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. கார்பன் ரிம் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டதும் மளமளவென்று சொன்னார். பிசின் ஊறிய கார்பன் தாள்களைத் துண்டு துண்டாக வெட்டி, நார் ஓடும் திசையை மாற்றி மாற்றி அச்சுக்குள் அடுக்குவார்கள், உள்ளே காற்றுப்பை வைத்து ஊதி, சூடேற்றி இறுக்குவார்கள், ஸ்போக் துளை வரும் இடங்களில் மட்டும் கூடுதலாகத் தாள் வைப்பார்கள் என்றார். எல்லாம் சரியான தகவல்தான். ஸ்போக்கின் இழுவிசையை அளந்து தருவீர்களா என்று கேட்டேன். “கேட்காமலே தருவோம் சார், எங்கள் கையைவிட்டுப் போகும் ஒவ்வொரு வீலும் என் கண் பார்த்துத்தான் போகும்” என்றார். பணம் கட்டியபின் ஒரு வீடியோவும் வந்தது. ஸ்டாண்டில் வீல் சுற்றுகிறது, பக்கத்தில் வைத்த அளவுமானியின் முள் அசையவே இல்லை, என் ஆர்டர் எண் எழுதிய காகிதம் ஹப்புக்கு, அதாவது வீலின் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. கூடவே ஓர் இழுவிசை அட்டவணை. பின் வீலில் செயின் பக்கத்து ஸ்போக் எல்லாம் 118 முதல் 122 கிலோ வரை என்று அழகாகப் போட்டிருந்தது.

அப்புறம் ஒன்று சொன்னார். “ஏதாவது சின்னப் பிரச்சினை என்றாலும் நேரே எனக்கு மெசேஜ் போடுங்கள், தளத்தில் புகார் போட்டு அலைய வேண்டாம், நானே முடித்துத் தருகிறேன்.” கேட்கும்போது எவ்வளவு நல்ல மனிதர் என்று தோன்றும், பாருங்கள். மூன்று மாதச் சம்பளத்தை விழுங்கியது இந்த ஒரு வாக்கியம்தான்.

வீல் வந்தது. தராசில் வைத்தால் 1,520 கிராம். 130 கிராம் கூடுதல். கேட்டதற்கு ரிம் டேப் (காற்று போகாமல் ரிம்மின் ஸ்போக் துளைகளை மூடும் நாடா), வால்வு எடை என்றார். ரிம் டேப்பும் வால்வும் 130 கிராம் வராது. சரி, எடைதானே என்று விட்டேன்.

அடுத்தது காற்று. இரவில் அடித்து வைத்தால் காலையில் டயர் தொளதொளவென்று கிடக்கிறது. டேப் சரியாக ஒட்டவில்லை என்றார், டேப்பை மாற்றினேன். வால்வு என்றார், அதையும் மாற்றினேன். பிறகு சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தால் குமிழி டயர் ஓரத்திலிருந்தும் வரவில்லை, வால்விலிருந்தும் வரவில்லை, ரிம்மின் பக்கச் சுவரிலிருந்து வருகிறது! அச்சுக்குள் அழுத்தம் சீராகப் பரவாமல், தாள்களுக்கு இடையே காற்று சிக்கி, பிசின் சேராத பொள்ளல் இருந்தால் இப்படி ஆகும். மேலே பூசிய வார்னிஷ் அதை மறைத்துவிடும். வீடியோ எடுத்து அனுப்பினேன். “சீலன்ட் கொஞ்சம் கூடுதலாக ஊற்றுங்கள், தானாக அடைந்துவிடும்” என்று பதில் வந்தது. சீலன்ட் என்றால் சின்ன ஓட்டைகளை அடைக்க டயருக்குள் ஊற்றும் திரவம். பொத்தலான ரிம்மை விற்றுவிட்டுச் சீலன்ட் ஊற்றச் சொல்கிறார்.

இதெல்லாம் காசு நஷ்டம். அடுத்து வந்தது உயிரோடு விளையாடும் விஷயம்.

பின் வீலிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. அழுத்தி மிதித்தால் அதிகமாகக் கேட்கும். எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். இழுவிசை மீட்டரை வைத்து ஒவ்வொரு ஸ்போக்காக அளந்தார். செயின் பக்கத்தில் ஒன்று 152 கிலோ, அடுத்தது 91, அதற்கடுத்தது 148. ரிம்மில் கோட்டம் இருந்திருக்கிறது, அதை மறைக்கச் சில ஸ்போக்குகளை இழுத்துப் பிடித்து நேராக்கியிருக்கிறார்கள் என்றார். அதனால்தான் சுற்றும்போது முள் அசையவில்லை. கண்ணுக்கு நேர், உள்ளுக்குள் இழுபறி. 118 முதல் 122 என்று போட்ட அட்டவணை யாருடைய வீலுக்கு எழுதியதோ. வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். என் ஆர்டர் எண் தெரிகிறது, ரிம்மின் வரிசை எண் எங்கேயும் தெரியவில்லை.

மெக்கானிக் டயரைக் கழற்றி, டார்ச் அடித்து நிப்பிள் துளைகளை, அதாவது ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் சின்னத் திருகு வரும் துளைகளைக் காட்டினார். நாலைந்து துளைகளைச் சுற்றி மயிரிழை போல விரிசல். எல்லாம் அந்த இறுக்கிப் பிடித்த ஸ்போக் வரும் துளைகள். நாணயத்தால் ரிம்மைத் தட்டிக்கொண்டே வந்தார். நல்ல இடத்தில் கணீரென்று கேட்ட சத்தம் விரிசல் பக்கம் வந்ததும் அமுங்கிப்போனது. உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது என்று அர்த்தம். “இதில் இனி ஏறாதீங்க, இறக்கத்தில் போகும்போது விட்டுச்சுன்னா அவ்வளவுதான்” என்றார். அலுமினிய ரிம் அடிபட்டால் பெரும்பாலும் வளையும், கோணும், பிரேக்கில் உரசும், நமக்கு முன்னமே தெரிந்துவிடும். கார்பன் அப்படி வளைந்து காட்டாது, திடீரென்று உடையும். இப்படிப்பட்ட பொருளைச் சோதிக்காமல் ஒருவனுக்கு அனுப்பி, கண் பார்த்துத்தான் போனது என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

இனிமேல்தான் அலைக்கழிப்பு. படம் அனுப்பினேன். வெளிச்சம் போதவில்லை, வீடியோ வேண்டும் என்றார்கள். வீடியோ அனுப்பினேன். இன்னும் நெருக்கமாக எடுங்கள் என்றார்கள். எடுத்தேன். உங்கள் எடை என்ன, எவ்வளவு காற்று அடித்தீர்கள், என்ன டயர் என்று கேட்டார்கள். எல்லாம் அவர்கள் சொன்ன வரம்புக்குள். பள்ளத்தில் விட்டிருப்பீர்கள் என்றார்கள். பள்ளத்தில் விட்டால் அடி விழுவது ரிம்மின் வெளி விளிம்பில், நிப்பிள் துளையைச் சுற்றி மட்டும் விரிசல் எப்படி வரும்? அதற்குப் பதில் இல்லை. மேல்பூச்சில் கீறல்தான், பலத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். மெக்கானிக் கையெழுத்தோடு கடிதம் கேட்டார்கள். கொடுத்தபின் அவர் எங்கள் அங்கீகாரம் பெற்றவர் இல்லை என்றார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பதில் வந்தது பாருங்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் பிடித்து ரிம் சூடேறிப் பிசின் இளகியிருக்கலாம், அதற்கு வாரண்டி இல்லை என்று. அய்யா, நான் வாங்கியது டிஸ்க் பிரேக் வீல். பிரேக் பிடிப்பது ஹப்பில் மாட்டிய தட்டில். சூடாவதும் அந்தத் தட்டுதான். ரிம்மைப் பிரேக் தொடுவதே இல்லை. ரிம் பிரேக் கார்பன் வீலில் அப்படி நடப்பதுண்டு, அங்கே அது உண்மையான ஆபத்து. இவர்கள் யாருக்கோ எழுதி வைத்த பதிலை எடுத்து எனக்கு ஒட்டியிருக்கிறார்கள். என் புகாரை ஒருவரும் படிக்கவில்லை. சாட்டில் அவ்வளவு விவரமாகப் பேசிய அந்த ஆள் எங்கே போனார் என்று கேட்டேன். “அவர் விற்பனைப் பிரிவு” என்று ஒரு வரியில் பதில்.

பொறுத்தது போதும் என்று சந்தைத் தளத்தில் புகார் போட்டேன். புகார் கொடுக்கும் கெடு முடிந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். அப்போதுதான் புரிந்தது. இன்னொரு வீடியோ, இன்னொரு படம், இன்னொரு கடிதம் என்று கேட்டதெல்லாம் பார்ப்பதற்காக இல்லை, அந்தக் கெடுவைத் தாண்டவைப்பதற்காக. வாழ்நாள் வாரண்டி இருக்கிறதே என்று தளத்திடம் கேட்டால், அது உங்களுக்கும் விற்பனையாளருக்கும் இடையிலுள்ள விஷயம் என்கிறார்கள். விற்பனையாளரிடம் கேட்டால், தளத்தில் புகார் முடிந்துவிட்டதே என்கிறார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் என் மூன்று மாதச் சம்பளம்.

கடைசியாக ஒரு ‘சலுகை’ வந்தது. ரிம்மை இரண்டாக அறுத்து வீடியோ அனுப்பினால், பாதி விலைக்குப் புதிய ரிம் தருவார்களாம். ஸ்போக் கோக்கும் கூலி, அனுப்பும் செலவு என் தலையில். என்னிடம் இருக்கும் ஒரே ஆதாரத்தை நானே அறுக்க வேண்டும், மேலே பணமும் கட்ட வேண்டும். முடியாது என்று எழுதினேன். அதற்கு வந்ததுதான் “முடித்துவைக்கப்பட்டது.”

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். வீல் வந்த அன்றே, டயர் போடுமுன், வேறொரு மெக்கானிக்கிடம் கொடுத்து இழுவிசையை அளக்கச் சொல்லுங்கள். நேராகச் சுற்றுகிறதா என்று பார்ப்பது மட்டும் போதாது. ரிம் முழுக்க நாணயத்தால் தட்டிப் பாருங்கள். அனுப்புமுன் எடுக்கும் வீடியோவில் ரிம்மின் வரிசை எண் தெரியவேண்டும் என்று கேளுங்கள். சைக்கிள் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 4210 தரத்தில் வீலுக்கும் ரிம்முக்கும் தனியாக ஏழாம் பகுதி இருக்கிறது, அதன்படி சோதித்த அறிக்கை உண்டா என்று வாங்குமுன் கேளுங்கள். மழுப்பினால் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியவர்கள் இன்றே டயரைக் கழற்றி நிப்பிள் துளைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் இருந்தால் ஏறாதீர்கள். விற்றவர் எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும் முதல் நாளே தளத்தில் புகாரைப் பதிந்துவிடுங்கள், பேச்சு அதற்கப்புறம். பணம் கைக்கு வரும்வரை ரிம்மை அறுக்காதீர்கள்.