அரசு ஐடிஐ: பத்தாவதோடு படிப்பு நின்றுவிடக் கூடாது என்று நினைக்கும் வீடுகளுக்கு

பத்தாவது முடித்த கையோடு கேட்டரிங்குக்கோ கட்டட வேலைக்கோ போகத் தயாராக நிற்கும் பிள்ளையை இன்னும் இரண்டு வருடம் படிப்பில் வைத்திருக்க வேண்டுமானால், முதலில் அந்த வீட்டின் செலவைச் சமாளித்தாக வேண்டும். இதில் தமிழ்நாட்டு அரசு ஐடிஐக்கு (தொழிற்பயிற்சி நிலையம்) தயங்காமல் முழு மதிப்பெண் கொடுக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய்தான். சேர்ந்த பிறகு மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பாடப்புத்தகம், வரைபடக் கருவிகள், பஸ் பாஸ் எல்லாம் உண்டு. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருந்தால் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் தனியாக வரும்.

அந்த ஆயிரம் வராமல் போவதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். கணக்கில் ஆதார் எண் பதிவாகியிருந்தால் மட்டும் போதாது. அரசுப் பணம் வந்து விழ வேண்டிய கணக்காக அதை ஆதாரோடு இணைத்திருக்க வேண்டும். இரண்டு வங்கியில் கணக்கு இருந்தால், கடைசியாக எதை இணைத்தோமோ அதில்தான் பணம் போய்ச் சேரும். பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய கணக்கில் இரண்டு வருடம் வரவு செலவு இல்லையென்றால் அது முடங்கியிருக்கும். விண்ணப்பம் ஐடிஐ வழியாகவே போகிறது என்பதால், சேரும் வாரத்திலேயே வங்கிக்குப் போய் இதைச் சரிபார்த்துவிடுவது நல்லது.

எந்த டிரேடை (தொழிற்பிரிவை) எடுப்பது என்பதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். வெல்டர், பிளம்பர், கோபா (கணினி இயக்குதலும் புரோகிராமிங் உதவியும்) எல்லாம் ஒரு வருடப் படிப்புகள். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் மெக்கானிக், வயர்மேன் ஆகியவை இரண்டு வருடம். சீக்கிரம் முடிகிறதே என்று ஒரு வருடப் படிப்பைப் பிடித்தால், பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரும் வாய்ப்பு போய்விடும். பத்தாவதும் இரண்டு வருட ஐடிஐயும் முடித்தவர்களுக்குத்தான் அந்த வழி. டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் அமைத்த தொழில் 4.0 (கணினியும் தானியங்கி இயந்திரமும் சேர்ந்த நவீன உற்பத்தி) மையங்களில் ரோபோட்டிக்ஸ் படிப்பைப் பார்த்ததும் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அதுவும் ஒரு வருடப் படிப்புதான். அதே மையத்தில் உள்ள அட்வான்ஸ்டு சிஎன்சி (கணினி வழி இயங்கும் இயந்திரங்கள்) படிப்பு இரண்டு வருடம். மேலே டிப்ளமோ படிக்கும் எண்ணம் துளி இருந்தாலும் இரண்டாவதையே எடுக்கலாம்.

ஒரே டிரேடு ஊருக்கு ஊர் ஒரே தரத்தில் இருக்காது. விண்ணப்பத்தில் விருப்ப வரிசையை நிரப்பும் முன் ஒரு வேலை நாளில் ஒர்க்‌ஷாப்பை நேரில் போய்ப் பாருங்கள். ஃபிட்டரில் ஒரு யூனிட்டுக்கு (பயிற்சிக் குழுவுக்கு) 20 பேர். அவர்களுக்கு எத்தனை வைஸ் (பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவி) இருக்கிறது, எத்தனை லேத் (கடைசல் இயந்திரம்) ஓடுகிறது, அந்த டிரேடுக்கு நிரந்தரப் பயிற்றுநர் இருக்கிறாரா என்று கேளுங்கள். பளபளக்கும் கட்டடத்தைவிட இதுதான் முக்கியம்.

சேர்ந்தவர்கள் நின்றுபோவது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில்தான். ஃபிட்டரை எடுத்துக்கொண்டால் தொடக்கத்தில் அரம் பிடித்து ராவுவதும், ஹேக்சாவில் அறுப்பதும், மார்க்கிங் போடுவதும்தான் வேலை. தோள் வலிக்கும், உள்ளங்கை காய்த்துப்போகும், நாள் முழுக்க நிற்க வேண்டும். மெஷினைத் தொடவே விடவில்லை என்று பையன் வீட்டில் வந்து புலம்புவான். இந்தக் கட்டத்தில் பாடத்திட்டம் கேட்கும் துல்லியம் ±0.25 மில்லிமீட்டர். அளவு பார்க்கும் கண்ணும் கையின் நிதானமும் இதில்தான் வருகின்றன. இதைத் தாண்டியவன் லேத்தில் திணறுவதில்லை. சேர்க்கும் முன்பே இதைப் பிள்ளையிடம் சொல்லி வைக்க வேண்டும். பயிற்றுநர்களும் முதல் மாதத்திலேயே ஒரு முழு ஜாப்பை (செய்து முடித்த பொருளை) முடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டவிட்டால் பலர் தங்குவார்கள். எல்லா இடத்திலும் அது நடப்பதில்லை என்பது பெரிய குறை.

வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லாவிட்டால் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுத முடியாது. முதலாண்டின் 1,200 மணி நேரத்தில் 840 செய்முறைக்கே போகிறது. செய்முறையில் தேற 60 சதவீதம் வேண்டும், எழுத்துத் தாளுக்கு 33 போதும். முகூர்த்த சீசனில் கேட்டரிங்குக்குப் போய் நாட்களை விடுபவர்கள் பிறகு எழுத்துத் தாளைத் தேற்றிவிடலாம், விட்ட செய்முறையைப் பிடிக்க முடியாது.

முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு (நிறுவனத்தில் உதவித்தொகையோடு வேலை பழகுவது) பதிவு செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். பெரம்பூர் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை), திருச்சி பெல் (பிஎச்இஎல்) போன்ற இடங்கள் ஐடிஐ முடித்தவர்களை எடுக்கின்றன. ரயில்வே நிறுவனங்களில் அப்ரண்டிஸ் முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல் 1 (தொடக்க நிலை) பணிகளில் 20 சதவீத இடம் உண்டு.

பத்தாவதில் தவறியவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. எட்டாவது தேர்ச்சி இருந்தால் வயர்மேன் சேரலாம். அந்த இரண்டு வருடத்தை முடித்து, பத்தாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் எழுதித் தேறினால் பத்தாவதுக்கு இணையான சான்று கிடைக்கும். இதே முறையில் பத்தாவது முடித்து வந்தவர்கள் பிளஸ் டூவுக்கு இணையான சான்று பெறலாம். மொழித்தாளுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும், ஐடிஐ சான்றிதழோடு தானாக வந்துவிடாது. இதை அலுவலகத்தில் நீங்களாகவே கேட்டுப் பெறுங்கள்.