என்பிடெல்லில் ஹானர்ஸ் முடித்தேன்: 8 படிப்பு, 8,000 ரூபாய்

என்பிடெல் என்பது ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் ஆன்லைன் படிப்புத் தளம். முதலில் ஹானர்ஸ் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இரண்டாம் ஆண்டு முடியும் வரை எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு இது தெரியவே தெரியாது. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ-யின் 2018 மாதிரிப் பாடத்திட்டப்படி இன்ஜினியரிங் பட்டத்துக்கு 160 கிரெடிட் (பாடத்தின் அளவைக் குறிக்கும் புள்ளி), அதற்கு மேல் 20 எடுத்தால் ஹானர்ஸ், அந்த 20-ஐ ஆன்லைன் படிப்பிலேயே எடுக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறையில் கொஞ்சம் வேறு மாதிரி: ஒரே பிரிவுக்குள் கூடுதலாக 18 கிரெடிட், சிஜிபிஏ (எல்லா செமஸ்டருக்குமான சராசரி, பத்துக்கு) 7.5, எல்லாத் தாளும் முதல் தடவையிலேயே பாஸ். ஒரு அரியர் விழுந்தால் அவ்வளவுதான். சேர்வதற்கு முன் உங்கள் கல்லூரி எந்தக் கணக்கில் வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் படித்தது காட்பாடிப் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. 12 வாரப் படிப்புக்கு 3 கிரெடிட், 8 வாரப் படிப்புக்கு 2. நாலாவது செமஸ்டரில் தொடங்கி ஏழாவது வரை, செமஸ்டருக்கு ஒரு பெரியது ஒரு சின்னது என்று எட்டு முடித்தேன். பாடம் கேட்பது இலவசம், தேர்வுக்கு மட்டும் படிப்புக்கு 1,000 ரூபாய் கட்டினேன். எங்கள் வீடு குடியாத்தத்தில், அப்பாவுக்கு லுங்கித் தறி. தனியார் கோர்ஸுக்கு முப்பதாயிரம் நாற்பதாயிரம் என்று அவரிடம் போய் நிற்க எனக்கு மனசு வராது, அதனால் இந்த 1,000 எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை.

இருப்பதிலேயே சிறந்தது சென்னைக் கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் சார் நடத்தும் பைத்தான், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் படிப்பு, 8 வாரம். அவசரமே படமாட்டார், ஒரு வரி கோடு எழுதினால் அது ஏன் அங்கே வந்தது என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். புரோகிராம் அசைன்மென்ட்டில் நம் கோடைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸ் சில நம் கண்ணுக்குத் தெரியும், சில தெரியாது. கெடு புதன்கிழமை இரவு 11:59, அது தாண்டிய பிறகுதான் மறைந்திருந்ததில் எத்தனை தேறியது என்று தெரியவரும்.

கட்டம் போட்ட தாளில் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு, வலது பக்கமும் மேல் பக்கமும் மட்டும் நகர்ந்து எத்தனை வழியில் போகலாம் என்று ஒரு கணக்கு. ரிகர்ஷனில், அதாவது ஃபங்ஷன் தன்னையே கூப்பிடும் முறையில், நாலே வரியில் எழுதிச் சின்னக் கட்டங்களுக்கு ஓட்டினேன், சரியான விடை, சந்தோஷமாகத் தூங்கப் போனேன். மறுநாள் பார்த்தால் பெரிய கட்டம் எல்லாமே நேரம் தாண்டிப் போயிருந்தது. 20-க்கு 20 கட்டத்தில் 13,784 கோடிக்கு மேல் வழிகள், என் கோடு அத்தனையையும் ஒவ்வொன்றாக நடந்து பார்க்கக் கிளம்பியிருக்கிறது! ஒவ்வொரு முனைக்கும் வரும் எண்ணிக்கையை அட்டவணையில் ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால் 441 கூட்டல்கூட ஆகாது. டைனமிக் புரோகிராமிங் என்ற பெயர் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது, கல்லூரியில் அதே பாடத்துக்கு 'ஏ' கிரேடு வாங்கியிருந்தும்.

ஐஐடி மெட்ராஸ் பலராமன் ரவீந்திரன் சாரின் மெஷின் லேர்னிங் 12 வாரம். ஆழமான பாடம்தான், ஆனால் மேட்ரிக்ஸும் ப்ராபபிலிட்டியும் கைவசம் இல்லாமல் உட்கார்ந்தால் இரண்டாவது வாரமே மூச்சு முட்டும். எனக்கு முட்டியது. இரண்டு வாரம் அதை ஓரம் வைத்துவிட்டு முதலாண்டு கணக்குப் புத்தகத்தை எடுத்தேன், அந்த இரண்டு அசைன்மென்ட் போனது. 12-ல் சிறந்த 8 மட்டும் எடுத்துக்கொள்வதால் அடி படவில்லை.

பெரும்பாலான படிப்புகளில் அசைன்மென்ட்டுக்கு 25, நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. பல படிப்புகளில் அந்தத் தேர்வு முழுக்க விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விதான், இது எனக்குப் பெரிய குறை. எட்டுப் படிப்பு முடித்த ஒருவர் முழுசாக ஒரு மென்பொருளும் கட்டாமலே ஹானர்ஸ் வாங்கிவிட முடியும். ப்ராஜெக்ட்டை நீங்களாகத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். சில பழைய வீடியோக்களில் ஒலி மங்கல், எங்கள் வீட்டில் தறி ஓடும் நேரத்தில் ஹெட்போன் போட்டாலும் கேட்காது, மாடிக்குப் போய்விடுவேன்.

என்பிடெல்லைத் தாண்டி ஒரு தலைவலியும் உண்டு. ஐந்தாவது செமஸ்டரின் கிரெடிட்டை எங்கள் கல்லூரி அலுவலகம் ஏற்றவே இல்லை, ஏழாவதில்தான் கவனித்தேன், நாலு தடவை அலைந்த பிறகு சரியானது. சான்றிதழ் வந்த அன்றே எழுதிக்கொடுத்து, ஒரு நகலில் கையெழுத்தும் தேதியும் வாங்கி வையுங்கள்.

அப்புறம், எளிதாகத் தேறும் படிப்பாகப் பார்த்து எட்டை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்காதீர்கள். என் நண்பர்கள் சிலர் அப்படித்தான் எடுத்தார்கள், பட்டத்தில் ஹானர்ஸ் இருக்கிறது, எட்டில் எதைப் பற்றியும் பத்து நிமிடம் பேச வரவில்லை. நான் பைத்தான், அல்காரிதம், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ் என்று ஒன்றின் தோளில் ஒன்றாக ஏற்றிக்கொண்டு போனேன், மெஷின் லேர்னிங் கடைசி.

என் தங்கை வரும் ஜூலையில் தொடங்குகிறாள். பைத்தானில் ஆரம்பி, புதன்கிழமை வரை இழுக்காதே, ஞாயிறே பெரிய கட்டம் போட்டு ஓட்டிப் பார் என்று சொல்லியிருக்கிறேன்.