நெல்லு மில்லில் டேக்கோமீட்டர்: சில போகங்கள் பாவித்த பிறகு

மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம் உள்ள எங்கள் மில்லில், சுழலும் சாப்ட்டின் வேகத்தைத் தொடாமலே காட்டும் டேக்கோமீட்டரைச் சில போகங்களாகப் பாவிக்கிறேன். வாங்கலாமா என்று கேட்டால், வாங்கலாம். ஆனால் சாப்ட் எத்தனை கிலோவாட் கடத்துகிறது என்று அது நேரே சொல்லாது. வலுவைக் கணிக்க வேகத்தோடு முறுக்குவிசையும், அதாவது சாப்ட்டைத் திருகும் விசையும் வேண்டும். ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதை) முறுக்குவிசையின் நியூட்டன் மீட்டரால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாட் வரும்.

எங்கள் மோட்டார் 15 கிலோவாட், தகட்டில் 1460 ஆர்பிஎம். முழுச்சுமையில் முறுக்கு 98 நியூட்டன் மீட்டர். பெல்ட் வழியாக வேகம் பாதியாகும் அடுத்த சாப்ட்டில் அது ஏறத்தாழ இருமடங்கு. அந்தச் சாப்ட் தடிப்பாக இருப்பது சும்மா இல்லை.

முறுக்கை அளக்கும் சென்சர் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வயரைக் கவ்விப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் அம்பியர் பார்த்து வலு சொல்பவர்கள் உண்டு. முழுச்சுமைக்குக் கிட்ட அது சரி. நெல்லே போடாமல் ஓடினாலும் மோட்டார் கணிசமாக அம்பியர் இழுக்கும் என்பதால், சுமை குறைந்த நேரத்தில் அந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

எனக்குக் கைகொடுப்பது வேகம் குறையும் அளவுதான். 50 ஹேர்ட்ஸில் எங்களுடையது போன்ற நான்கு முனை மோட்டாரின் ஒத்திசை வேகம், அதாவது மின்சாரத்தின் ஹேர்ட்ஸ் தீர்மானிக்கும் உச்ச வேகம், 1500. முழுச்சுமையில் 40 குறைகிறது. 20 குறைந்தால் பாதிச் சுமை, கிட்டத்தட்ட 7.5 கிலோவாட். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மின்சாரம் 49.8 ஹேர்ட்ஸாக வந்தால் ஒத்திசை வேகமே 1494 ஆகிவிடும். அந்த ஆறை விட்டால் கணக்கில் 2 கிலோவாட்டுக்கு மேல் பிழை! அதனால் மல்டிமீட்டரில் ஹேர்ட்ஸையும் அதே நேரம் பார்ப்பேன். வோல்ட்டேஜ் விழுந்தாலும் வேகம் இன்னும் குறையும், ஆகவே இது உத்தேசக் கணக்குத்தான்.

பெரும்போக அறுவடை நேரம் மாமா, "தம்பி, பெரிய மோட்டார் போடுவமா?" என்றார். மின்சாரம் சரியாக 50இல் இருந்தது, மோட்டார் சாப்ட் 1474 காட்டியது. அப்படியென்றால் 10 கிலோவாட்டுக்குச் சற்றுக் குறைவு. கப்பி விகிதப்படி அடுத்த சாப்ட் 737 சுற்ற வேண்டும், சுற்றியதோ 690. பெல்ட் வழுக்குகிறது! இறுக்கினோம், புது மோட்டார்ப் பேச்சும் அப்படியே நின்றது.

குறைகளும் உண்டு. சாப்ட்டில் ஒட்டிய பளபளக்கும் ஸ்டிக்கரில் பட்டுத் திரும்பும் ஒளியை எண்ணித்தான் மீட்டர் வேகம் காட்டும். அதில் தவிடு படிந்தால் எண் தாவும், துடைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். டியூப்லைட் வெளிச்சம் பட்டால் 6000 என்று காட்டும், அது விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்குவதன் கணக்கு. பழைய ஸ்டிக்கரை உரிக்காமல் இன்னொன்றை ஒட்டினால் இருமடங்கு காட்டும். ரப்பர் நுனி வைத்துத் தொட்டு அளக்கும் வகையும் இருக்கிறது. பெல்ட் பக்கத்தில் கையை நீட்டுவது ஆபத்து, அதை நான் பாவிப்பதில்லை. அளக்கும்போது தளர்ந்த சாரம், நீளச் சட்டைக்கை இரண்டும் வேண்டவே வேண்டாம்.