டிக் அட்டையா, கற்றல் கதை நோட்டா?

எங்கள் மழலையர் பள்ளியில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகள் என்ன கற்றார்கள் என்று குறித்துவைக்க டிக் அட்டை, கற்றல் கதை நோட்டு இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டோம். இப்போது ஓடுவது கற்றல் கதை நோட்டு. அதனால் நான் எழுதுவது அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும்.

டிக் அட்டை எல்லாருக்கும் தெரிந்ததுதான். 'நிறங்களை அடையாளம் காண்கிறாள்', 'எண்ணுகிறாள்' என்று வரிசையாக இருக்கும். மிஸ் டிக் போடுவார், பெற்றோர் கையெழுத்துப் போடுவார்கள். வேலை சுலபம்.

கற்றல் கதை நியூசிலாந்தில் பிறந்தது. அங்கே 1996-இல் வந்த 'தே ஃபாரிக்கி' என்ற மழலையர் பாடத்திட்டத்தை ஒட்டி, கல்வி ஆய்வாளர் மார்கரெட் கார் முன்னின்று உருவாக்கிய முறை. குழந்தை செய்ததைச் சின்னக் கதையாக எழுத வேண்டும், அதில் என்ன கற்றல் தெரிகிறது, அடுத்து என்ன செய்யலாம் என்றும் சொல்ல வேண்டும். அப்புறம் வீட்டார் எழுத இடம். நம் ஊரில் 2022-இல் வந்த அடிப்படை நிலைக்கான (3 முதல் 8 வயது வரை) தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் கவனித்துப் பார்ப்பதையும் குழந்தையின் கைவேலைகளையும்தான் மதிப்பீட்டுக்கு முன்வைக்கிறது.

என்னைச் சாய்த்தது அந்த வீட்டார் பகுதிதான். வகுப்பில் எண்ணும்போது பத்தைத் தாண்டாத ஒரு சிறுமியின் நோட்டில் அவள் அப்பா எழுதியிருந்தார்: "ஆயா பூக்கட்டும்போது இரண்டிரண்டாக எடுத்துக் கொடுப்பாள் மிஸ், இருபது வரை தப்பாமல் எண்ணுவாள்." டிக் அட்டையில் அந்தக் கட்டம் காலியாகவே போயிருக்கும். அடுத்த வாரம் வகுப்புக்கு உதிரிப்பூ வாங்கி வந்தோம். மற்ற பிள்ளைகளுக்கு அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

இதற்குப் பராமரிப்பு உண்டு. 20 பேருக்கும் வாராவாரம் எழுத முடியாது. வாரம் ஐந்து பேர் என்று சுற்றில் விடுகிறோம். எழுதத் தயங்கும் வீட்டாரிடம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பச் சொல்லி நாங்களே நோட்டில் ஏற்றுகிறோம். அதற்கும் பதில் வராத வீடுகள் உண்டு. பிள்ளையைக் கூட்டிப்போக வரும்போது கேட்டில் நின்று கேட்பதுதான் அங்கே வழி.

40 பேர் உள்ள வகுப்பில் இது தாங்குமா, நான் பார்த்ததில்லை. பேச்சு தாமதமாகும் குழந்தையைச் சீக்கிரம் கண்டுகொள்ள டிக் அட்டையே மேல் என்று என்னோடு வேலை செய்யும் ஒரு மிஸ் சொல்கிறார். மறுக்க என்னிடம் போதிய அனுபவம் இல்லை. அதனால் பருவத்துக்கு ஒருமுறை அந்த அட்டையையும் நிரப்பி நோட்டிலேயே ஒட்டிவிடுகிறோம்.