டர்போ மேனிஃபோல்டு சூடு: மலை வண்டிக்குத் துணியா, தகடா?

இன்ஜின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்தான் டர்போ மேனிஃபோல்டு. அதை வெளியில் வாங்கிப் போட்டால், சூட்டைத் தடுக்கும் கம்பெனித் தகடு அதில் உட்காராது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது செகண்ட் கியர், டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் பூஸ்ட் அதிகம், ஆமை வேகம். முன்னாலிருந்து வரும் காற்று போதாது. பெட்ரோல் வண்டியில் உள்ளே ஓடும் புகை 800 டிகிரியைத் தாண்டும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தமும் கடல் மட்டத்தைவிடக் கிட்டத்தட்டக் கால்வாசி குறைந்திருக்கும். டர்போ கூடுதலாகச் சுற்ற வேண்டும், பானெட்டுக்குள் சூட்டை அள்ளிப்போகிற காற்றோ மெலிந்துவிடும்.

நீலகிரியில் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு செராமிக் கோட்டிங்கோடு, இடைவெளி விட்ட தகட்டுக்கு. மேனிஃபோல்டில் சுற்றும் ஹீட் ராப் துணி ரேஸ் வண்டிக்குச் சரி.

துணி மலிவு, ஒரு மதியத்தில் முடிகிற வேலை. 50 மில்லிமீட்டர் அகலத் துணியை 6 மில்லிமீட்டர் மேலேற்றிச் சுற்றி ஸ்டீல் டையால் இறுக்கினால் பானெட் சூடு உடனே இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் வெளியே வராத சூடு இரும்புக்குள்ளேயே தங்கும். 400 மில்லிமீட்டர் நீள 304 ஸ்டெயின்லெஸ் மேனிஃபோல்டு 600 டிகிரி ஏறினால் 4 மில்லிமீட்டர் நீளும். ஏறும்போது நீண்டு, இறக்கத்தில் சுருங்கி, வெல்டிங் ஓரத்தில்தான் முதலில் விரிசல் விடும். துணியில்லாத மேனிஃபோல்டில் அந்த இடத்தில் கரிக்கோடு தெரியும். துணிக்குள்ளே என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது? பிரித்துப் பார்த்தால் பழைய துணி பொடிந்துவிடும், திரும்பச் சுற்ற முடியாது.

மழையும் சேர்ந்துகொள்ளும். கூடலூர்ப் பக்கம் ஜூனிலிருந்து, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபரிலிருந்து ஈரம்தான். தினமும் ஓடும் வண்டியில் மேனிஃபோல்டு சீக்கிரம் காய்ந்துவிடும். கெடுவது டர்போவிலிருந்து புகை இறங்கும் டவுன்பைப்பின் கீழ் வளைவும், ஷெட்டில் வாரக்கணக்கில் நிற்கிற வண்டியும். சாதா இரும்பு துணிக்கடியில் ஏடு ஏடாக உரியும். வால்வு கவர் கேஸ்கெட் கசிந்து ஆயில் துணியில் ஊறினால் விளக்குத் திரி மாதிரிதான், தீப்பிடிக்கும்.

கோட்டிங்கை மாட்டுவதற்கு முன்பே செய்ய வேண்டும். மணல் அடித்து, உள்ளேயும் வெளியேயும் ஸ்பிரே செய்து, அடுப்பில் சுட வேண்டும். ஃபிளாஞ்ச் (இணைப்புத் தட்டு) முகத்தையும் மரையையும் மறைக்கச் சொல்லுங்கள். பவுடர் கோட்டிங் வேறு சமாச்சாரம், முதல் ஏற்றத்திலேயே கருகும். ஆயில் குடித்த பழைய வார்ப்பிரும்பை முதலில் சுட்டு ஆயிலை எரிக்காவிட்டால் கோட்டிங் பெயர்ந்துவிடும். தினசரி மலையேறும் வண்டியில் இத்தனை வருஷம் தாங்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அடியில் செய்த சுத்தத்தைப் பொறுத்தது.

கோட்டிங் மட்டும் போதாது, அது மெல்லிய பூச்சு. 0.8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் தகட்டை 15 மில்லிமீட்டர் இடைவெளியில் நிறுத்துங்கள். மேலும் கீழும் திறந்திருந்தால்தான் சூடான காற்று எழும்பிப் போகும். தகட்டு ஓட்டை போல்ட்டைவிட 2 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும். இறுக்கிப் பிடித்தால் ஓட்டையிலேயே கிழிந்து கடகடக்கும். அலுமினியத் தகடும் ஆகும், மேனிஃபோல்டைத் தொடாதவரை. அது 660 டிகிரியில் உருகும்.

பிரேக் பைப்போ கிளட்ச் பைப்போ பக்கத்தில் ஓடினால் முதல் தகடு அங்கேதான். ஈரம் ஏறிய டாட் 4 வகை பிரேக் ஆயிலுக்குத் தரம் கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 155 டிகிரிதான். ஏறி முடித்ததும் இன்ஜினை நிறுத்தினால் காற்றோட்டம் நின்று பைப் இன்னும் சூடேறும். அடுத்து வருவது இறக்கம், பிரேக் வேண்டிய நேரம்.

டர்போவுக்குப் போர்வை போடுவதானால் புகை பாயும் டர்பைன் பக்கம் மட்டும், பேரிங் இருக்கும் நடு ஹவுசிங்கை மூடக்கூடாது.

தகடு இருந்தால் பராமரிப்பு சுலபம். நாலு போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்து வெல்டிங்கைப் பாருங்கள். புதிதாக மாட்டியதென்றால் நாலைந்து முறை சூடேறி ஆறிய பிறகு, குளிர்ந்த நிலையில், மேனிஃபோல்டு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள். கையில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் தகடு முதலில். கேஸ்கெட் மாற்றக் கழற்றும் நாளில் கோட்டிங் செய்துகொள்ளலாம்.