பெயின்ஸ் க்ளூஃபா, டு டாய்ட்ஸ் க்ளூஃபா? கேப் டவுன் பக்கத்துக் கணவாய்ச் சாலைகள், சைக்கிள்காரர் பார்வையில்

ரைலண்ட்ஸிலும் க்ரேவன்பியிலும் இருக்கும் நம்மவர்கள் பலர் இப்போது சாலை சைக்கிள் வாங்கியிருக்கிறார்கள். டர்பனிலிருந்து விடுமுறைக்கு வரும்போது சைக்கிளைக் காரின் பின்னால் கட்டிக்கொண்டு வருபவர்களும் உண்டு. எல்லாருடைய கேள்வியும் ஒன்றுதான்: வண்டித் தொல்லை இல்லாமல் மலை ஏற எங்கே போகலாம்? கையில் ஒரே நாள் இருந்தால் பெயின்ஸ் க்ளூஃப். இரண்டாவது நாளும் கிடைத்தால் டு டாய்ட்ஸ் க்ளூஃப். மற்றவை அப்புறம்.

இந்த இரண்டு சாலைகளும் அமைதியாக இருப்பது தற்செயல் அல்ல. ஆண்ட்ரூ கெட்டிஸ் பெயின் கைதிகளைக் கொண்டு 1849-ல் தொடங்கி 1853-ல் திறந்த பாதை பெயின்ஸ் க்ளூஃப். கேப்பிலிருந்து உள்நாட்டுக்குப் போகும் முக்கிய வழியாக ஏறத்தாழ நூறு ஆண்டுகள் அது இருந்தது. 1949-ல் டு டாய்ட்ஸ் க்ளூஃப் சாலை திறந்ததும் கூட்டம் அங்கே போய்விட்டது. இரண்டாம் உலகப் போரின்போது பிடிபட்ட இத்தாலியக் கைதிகளின் உழைப்பும் அந்தச் சாலையில் இருக்கிறது. 1988-ல் மலையைக் குடைந்து 3.9 கிலோமீட்டர் ஹியூகனாட் சுரங்கம் வந்தது. வழி 11 கிலோமீட்டர் குறைந்ததால் லாரிகள் அதற்குள் போய்விட்டன. ஒவ்வொரு புதிய வழி திறக்கும்போதும் பழைய வழி சைக்கிளுக்கு மிச்சமாகியிருக்கிறது. மேற்கு கேப்பில் நல்ல சாலை தேடுபவர்கள் வரைபடத்தில் இதைத்தான் பார்க்க வேண்டும்: பக்கத்தில் புதிய நெடுஞ்சாலை இருக்கும் பழைய கணவாய் எங்கே என்று.

பெயின்ஸ் க்ளூஃப் வெலிங்டன் ஊரிலிருந்து ஆர் 301 சாலையாகப் புறப்படுகிறது. காரை ஊருக்குள் நிறுத்துங்கள், கணவாயின் ஓரத்தில் தனியாக விட்டுப் போக வேண்டாம். முதலில் திராட்சைத் தோட்டங்கள், பிறகு வளைந்து வளைந்து ஏற்றம், 594 மீட்டரில் உச்சி. எங்கும் மூச்சை அடைக்கும் செங்குத்து இல்லை, ஆனால் ஓய்வு தரும் சமதளமும் அதிகம் இல்லை. முதல் இரண்டு கிலோமீட்டரில் வேகம் காட்டுபவர்கள் மேலே போய்த் தவிப்பது அதனால்தான். உச்சியில் பழைய சுங்கச்சாவடி இருந்த இடத்துக்கு இன்றும் ஏர்ஸ்டே டோல் என்றே பெயர். அதைத் தாண்டியதும் வேறு உலகம். விட்டே ஆறு கூடவே வருகிறது, சாலை பாறையை ஒட்டிக் குறுகுகிறது, ஓரிடத்தில் டேக்ரஸ் புல்பிட் என்ற பாறை தலைக்கு மேலே நீண்டு நிற்கிறது. பெரிய லாரிகளுக்கு ஒத்துவராத பாதை இது. நமக்கு அதுவே பெரிய லாபம்.

ஆற்றோரமாக இறங்கி ஆர் 43 சந்திப்பு வரை போய் அதே வழியில் திரும்பினால் மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். திரும்பும்போது உச்சிக்கு மறுபடி ஏற வேண்டும். இந்தப் பக்கத்துச் சரிவு மெல்லியது, ஆனால் நீளமானது. இறங்கும்போது ‘இது என்ன ஏற்றம்’ என்று தோன்றும், தண்ணீர் தீர்ந்தபின் வரும்போதுதான் உறைக்கும். 750 மில்லி புட்டி இரண்டு கட்டாயம், டிசம்பர் முதல் மார்ச் வரை மூன்றாவதைச் சட்டைப்பையில் வையுங்கள். வழியில் கடை இல்லை என்று நினைத்துக்கொண்டே சாப்பாடு எடுங்கள். மூன்றரை மணி நேரச் சவாரிக்கு வாழைப்பழம் இரண்டு, பேரீச்சை ஒரு கைப்பிடி, உப்புச் சேர்த்த ஏதாவது ஒன்று. பபூன்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் இடத்தில் பையைத் திறக்காதீர்கள், எதையும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதால்தான் அவை மனிதரைக் கண்டதும் நெருங்கி வருகின்றன.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சாலை ஒடுக்கம், தடுப்பு பல இடங்களில் தாழ்வான கல் மட்டுமே. தார் பழையது, ஜல்லி துருத்திக்கொண்டு கையை உலுக்கும். மறைவான வளைவுகளில் எதிரே வரும் கார் நம் தடத்துக்குள் புகுந்து திரும்பும். எனவே ஓரத்துக் கல்லில் உரசிக்கொண்டு போகாமல், விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே, தூரத்திலிருந்தே தெரியும்படி ஓட்டுங்கள். குளிர்காலத்தில், அதாவது மே முதல் ஆகஸ்ட் வரை, இங்கே மழைக்காலம். நாம் இருப்பது தென் அரைக்கோளத்தில் என்பதால் தெற்கு நோக்கிய சரிவுகளில் அப்போது வெயில் சரியாக விழாது, பாசி பிடித்த ஈரம் நண்பகலிலும் காயாது. வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும். நேர்கோட்டிலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு வளைவில் பிரேக்கை விட்டுவிடுங்கள்.

கியர் பற்றி ஒரு கணக்கு. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் போட்டு நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்குச் சுமார் 10.7 கிலோமீட்டர் வரும். 6 சதவீத ஏற்றத்தில் அதற்கு 160 வாட்டுக்கு அருகில் தேவை. பின்னால் 34 பல் போட்டால் அதே 70 சுற்றில் வேகம் 8.8, தேவை சுமார் 130 வாட். அந்த 30 வாட் வித்தியாசம்தான் பலருக்கு முழங்கால் வலிக்கும் வலியின்மைக்கும் நடுவில் நிற்கிறது. 11-28 கேசட்டுடன் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, சிறியதில் 11 பல், பெரியதில் 28 பல்) வரும் சைக்கிளை வாங்கியவர்கள் 11-34-க்கு மாற்றிவிடுவது நல்லது. ஆனால் மாற்றுமுன் பின் டிரெய்லியர், அதாவது செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் கருவி, அதைத் தாங்குமா என்று பாருங்கள். செயினை இழுத்துப் பிடிக்கும் கூண்டு குட்டையாக உள்ள டிரெய்லியர்கள் பல 34 பல்லை ஏற்காது. செயினையும் புது அளவுக்கு நீளமாகப் போட வேண்டும். பழைய செயினையே விட்டுவிட்டு, முன்னால் பெரிய பல்சக்கரமும் பின்னால் பெரிய பல்லும் சேர்ந்து விழும்படி கியரைத் தள்ளினால் செயின் விறைத்து டிரெய்லியரையே பிய்த்துவிடும்.

இறக்கத்துக்கு: டிஸ்க் பிரேக் என்றால் பேட் தடிமன் பாருங்கள், ஷிமானோ பேடுகளுக்கு 0.5 மி.மீ. தான் எல்லை. கார்பன் விளிம்பில் ரிம் பிரேக் வைத்திருப்பவர்கள் தொடர்ந்து பிடித்துக்கொண்டே இறங்கக்கூடாது. சூடு ஏறி விளிம்பு இளகலாம், உள்ளே லேடெக்ஸ் டியூப் இருந்தால் வெடிக்கலாம். அழுத்திப் பிடித்து, விட்டு, மறுபடி அழுத்திப் பிடிப்பதே முறை. டயர் 28 மி.மீ.க்குக் குறையாமல் இருக்கட்டும். 70 கிலோ ஆளுக்கு 5 பார் அழுத்தத்தில் காற்று போதும். இந்தத் தாரில் 7 பார் ஏற்றினால் வேகம் கூடாது, உலுக்கல்தான் கூடும். சாலையோர மண்ணில் நம்மூர் நெருஞ்சியே இங்கும் படர்ந்து கிடக்கிறது. நிற்க வேண்டுமென்றால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள், மண்ணில் உருட்டாதீர்கள். டியூப்லெஸ் போட்டவர்கள் சக்கரத்துக்கு 40 மில்லி சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றினால் சாதாரண முள் அடைபட்டுவிடும். டியூப் போட்டவர்கள் இரண்டு டியூப் எடுக்கவும். முள்ளைப் பிடுங்காமல் டியூப்பை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று போகும், எனவே டயரின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

டு டாய்ட்ஸ் க்ளூஃப் வேறு குணம். பார்ல் பக்கமிருந்து ஆர் 101-ல் ஏறினால் உச்சி 820 மீட்டர். 1940-களின் நெடுஞ்சாலையாகக் கட்டப்பட்டதால் அகலம் அதிகம், வளைவுகள் பெரியவை, சாய்வு சீரானது. ஒரே தாளத்தில் நெடுநேரம் மிதித்துப் பழக விரும்புபவருக்கு இதைவிட நல்ல பயிற்சிச் சாலை பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பார்லின் பாறைக்குன்றும் அதற்கப்பால் மேசை மலையும் தெரியும். அழகில் பெயின்ஸ் க்ளூஃபுக்கே என் ஓட்டு என்றாலும், இந்தக் காட்சி அதில் கிடையாது. உச்சியை ஒட்டிய பழைய சிறு சுரங்கத்துக்குள் சைக்கிளின் பின்பக்க விளக்கு எரிய வேண்டும், பகலிலும். வெயில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நுழையுங்கள். சுரங்கக் கட்டணத்தை மிச்சம் பிடிக்கும் கார்கள் வரும். ஹியூகனாட் சுரங்கத்தைப் பராமரிப்புக்காக மூடும் நாளில் மொத்த நெடுஞ்சாலையும் இங்கே திரும்பிவிடும். கிளம்புமுன் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அன்றைக்கு இந்தச் சாலை சைக்கிளுக்கு இல்லை. கோடையில் தென்கிழக்குக் காற்று உச்சியில் பக்கவாட்டில் அறையும், ஆழமான விளிம்புச் சக்கரங்களை வீட்டில் விட்டுவிடுங்கள்.

இரண்டு கணவாயையும் ஸ்லாங்ஹூக் பள்ளத்தாக்கு வழியாக ஒரே வளையமாகக் கோர்க்கலாமே என்று வரைபடம் ஆசை காட்டும். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கின் முடிவிலுள்ள ராசன்வில் ஊர்ப் பக்கமிருந்து டு டாய்ட்ஸ் க்ளூஃபுக்கு வர என்1 நெடுஞ்சாலையில் சேர வேண்டியிருக்கும். உள்நாட்டுக்குப் போகும் கனரக லாரி அத்தனையும் அங்கேதான். வளையம் முழுமையாகிறது என்பதற்காக அந்தத் துண்டில் உயிரைப் பணயம் வைக்கத் தேவையில்லை. இரண்டையும் வெவ்வேறு நாளில், போன வழியே திரும்பி வாருங்கள்.

பிரான்ஷ்ஹூக் கணவாய் நீளம் குறைந்தது, நன்றாக ஏறும், 1825-ல் கட்டிய யான் யூபேர்ட்ஸ்காட் கல்பாலத்தை இன்றும் வண்டிகள் கடக்கின்றன. ஆனால் வார இறுதியில் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல் பொறுக்க முடியாது, வாரநாள் காலை மட்டும். சாப்மன்ஸ் பீக் 114 வளைவுகளோடு கடலுக்கு மேல் தொங்குகிறது, கட்டணச் சாலை என்றாலும் சைக்கிளுக்கு இலவசம். அமைதி தேடுபவர் விடிந்ததும் போய்விட வேண்டும். ஸ்வார்ட்பெர்க் கணவாயை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. பெயினின் மகன் தாமஸ் கட்டி 1888-ல் திறந்த அதிசயம் அது, ஆனால் உச்சியில் தார் கிடையாது. அகல டயர் கிராவல் சைக்கிள் இருந்தால் மட்டும்.

பெருமழைக்குப் பிறகு பெயின்ஸ் க்ளூஃபில் பாறை சரிவதும், கோடையில் காட்டுத்தீயால் சாலை மூடப்படுவதும் உண்டு. முந்தைய நாளே விசாரியுங்கள். பள்ளத்துக்குள் மொபைல் சிக்னலை நம்ப முடியாது, ஆகவே இருவராகவாவது போங்கள், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஹெல்மெட் இந்த நாட்டில் சட்டப்படியே கட்டாயம்.